மறுப்பு

அறுபத்து மூன்றரைக் கிலோ இரும்பு
எழுபத்தைந்து சென்டிமீட்டர் ஏறி
விழுகிறது.
நான் ஒன்று என்று எழுதுகிறேன்.

கேப்பர் மலையில் தண்ணீர்த் தொட்டி வரப்போகிறது.
அதற்கு முன் மண்ணைக் கேட்க வேண்டும்,
தாங்குவாயா என்று.
கேட்கிறவன் இருசப்பன், கயிறு அவன் கையில்.
பதிலை எண்ணுகிறவள் நான்.

ஒவ்வொரு ஆழத்திலும்
முதல் பதினைந்து சென்டிமீட்டர் கணக்கில் வராது.
துளை போட்டதில் கலங்கிப்போன மண் அது,
அதன் சொல் செல்லாது.
அடுத்த முப்பதுக்குத்தான் மதிப்பு.

ஒன்றரை மீட்டர். செம்மண். ஒன்பது அடி.
குழாயோடு ஒரு முந்திரி வேர் வந்தது.
மரம் போன வருஷம் தானே புயலில் சாய்ந்ததாம்.
வேருக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை,
ஈரமாக இருந்தது.

மூன்று மீட்டர். பதினேழு.
சிவப்பும் வெள்ளையும் திட்டுத்திட்டாய்க் களி.
"பன்னிக்கறி மாதிரி இருக்கு மேடம்" என்றான்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
இறங்குகிற மழை இரும்பைக் கரைத்து எடுத்துக்கொள்கிறது,
கொஞ்சம் தள்ளிப் போய் வைத்துவிடுகிறது.
எடுத்த இடம் வெளுப்பு, வைத்த இடம் சிவப்பு.
எத்தனை லட்சம் ஐப்பசிகளின் கொடுக்கல் வாங்கலோ,
இன்னும் கணக்கு முடியாமல்
என் விரல்களில் பிசுபிசுத்தது.

சாலைக்கு அந்தப் பக்கம் சிறைச்சாலை மதில்.
உள்ளே மணி அடித்தது.
இருபத்திரண்டா, இருபத்து மூன்றா,
ஒரு அடியைத் தவறவிட்டேன்.

ஆறு மீட்டர்.
மணல் என்று எழுதுவதா, மணற்கல் என்றா?
நகத்தால் சுரண்டினால் உதிர்கிறது,
ஊதினால் பறக்கிறது,
சம்மட்டிக்கு மட்டும் முப்பத்தெட்டு அடி நின்றது.
கல்லாகப் போகிற வழியில் இருக்கிறதா,
கல்லாய் இருந்து திரும்பி வருகிறதா?
திருப்பாதிரிப்புலியூர் பஸ் நிலையத்தில்
பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பஸ்.
நகர்வது நம்முடையதா அதுவா என்று
ஒரு நொடி தெரியாதே, அப்படி.

ஏழரையில் சொல்லும்படி ஒன்றுமில்லை.

ஒன்பது மீட்டர்.
ஐம்பது அடித்தும் ஒரு விரல்கடை இறங்கவில்லை.
இதற்குப் படிவத்தில் சொல் உண்டு:
மறுப்பு.
எழுதினேன்.
"பாறை வந்துடுச்சு, கட்டிக்கிட்டுக் கிளம்பலாம்."

குழாயைப் பிரித்தால் பாறை இல்லை.
வாயை அடைத்துக்கொண்டு ஒரே ஒரு கூழாங்கல்.
வெள்ளை. நெல்லிக்காயைவிடச் சிறிது.
தொட்டுத் தேட ஒரு முனை இல்லை.

மேற்கே எந்த மலை உடைந்து விழுந்தாயோ.
கெடிலத்துக்கும் முந்திய ஓர் ஆறு,
பெயர் வைக்க ஆளில்லாத காலத்து ஆறு,
உருட்டி உருட்டி
மூலை முடுக்கெல்லாம் பிடுங்கிக்கொண்டு
இங்கே போட்டுப் போயிருக்கிறது.
எல்லாம் விட்டுக்கொடுத்தவன்
இன்றைக்கு இரும்பைப் பார்த்து
முடியாது என்கிறான்.

மறுப்பை அடித்துத் திருத்தினேன்.
பத்தரையில் நாற்பத்தொன்று.
தொட்டி நிற்கும்.

நாலு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது.
நாங்கள் அள்ளிப் போட்ட மண்
தார்ச்சாலையில் சிவப்பாய் இறங்கி ஓடியது.
சைக்கிளில் வந்தவர் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டார்.
சாக்கடை, கெடிலம், தேவனாம்பட்டினம், கடல்.
அங்கே போய் ஒன்றின்மேல் ஒன்றாய்ப் படியும்,
படிந்து நாளாகி இறுகும்,
இறுகியதை யாராவது வந்து
தட்டிக் கேட்டால்
நாம் அதில்
முதல் பதினைந்து சென்டிமீட்டராகத்தான் இருப்போம்.

தார்ப்பாய்க்கு அடியில் பைகளுக்குச் சீட்டு ஒட்டினேன்.
ஒன்பது மீட்டர் பை காலி.
இருசப்பன் சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினான்.

"பாப்பாகிட்ட நாலு கல்லுதான் மேடம் இருக்கு.
அஞ்சாவதைத் தேடிக்கிட்டே இருக்கா."